சட்டை வெட்டிய மீதி

1

சென்ற மாதம் நகரத்தில் ஒரு கலைக்கூடத்தில் துணிக் கலைக் கண்காட்சி பார்க்கப் போயிருந்தேன். நம் வட்டத்துக் கவிஞர் ஒருவரும் கூட வந்தார். தொழிற்சாலைக் கழிவுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, மேலே எம்பிராய்டரி போட்டு, ஆளுயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். கையில் கொடுத்த ஆங்கிலக் கையேட்டில், இந்தத் துணிகள் குப்பையிலிருந்து மீட்கப்பட்டவை, பெயர் தெரியாத பெண்களின் நினைவைச் சுமப்பவை என்றெல்லாம் அச்சிட்டிருந்தது. துணி வந்த இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றும் போட்டிருந்தது. நான் அம்பத்தூரில் வளர்ந்தவன். அங்கேயே ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருப்பவன். என் ஊர்க் குப்பை நகரத்துச் சுவரில் ஏறியிருக்கிறது என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

திரும்பும்போது மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி வண்டி ஏறினோம். வியாசர்பாடி தாண்டியதும் கவிஞர் வாய் திறந்தார்.

"இதெல்லாம் தையல் கிளாஸ் சார். ஒரு மெஷின் வாங்கிக் குடுத்தா என் பொண்டாட்டியும் ஆர்ட்டிஸ்ட்தான்."

"ஆகலாம். நீங்கதான் வாங்கிக் குடுக்கலையே" என்றேன்.

இருவரும் சிரித்தோம். பட்டரவாக்கத்தில், பேட்டையில் ஷிப்ட் முடிந்த பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு ஏறினார்கள். நிற்க இடமில்லாமல் போயிற்று. பேச்சும் அதோடு நின்றது.

ரயிலில் சொன்னது ரயிலோடு போயிருந்தால் எனக்கு வேலையில்லை. நண்பர் அதையே இந்தப் பத்திரிகையின் சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பாக எழுதிவிட்டார். பயன் தீரும் இடத்தில்தான் கலை ஆரம்பிக்கிறதாம்; பொறுமை வேறு, கற்பனை வேறாம்; ஊசி வேலையைக் கலை என்று கொண்டாடுவது அனுதாபத்தை ரசனை என்று நினைத்துக்கொள்ளும் மயக்கமாம். அந்தக் குறிப்புக்கும் கண்காட்சிக் கையேட்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டும் எதிரெதிர்க் கட்சி போலத் தோன்றும். எனக்கு என்னவோ இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவையாகவே படுகின்றன. ஒன்று துணியைப் பார்க்காமலே இகழ்கிறது. இன்னொன்று துணியைப் பார்க்காமலே புகழ்கிறது.

2

முதலில் நண்பருக்கு.

பயன்படுவது கைத்தொழில், பயன்படாதது கலை என்ற பாகுபாட்டை என்னமோ தொல்காப்பியர் காலத்திலிருந்து நம்மிடம் இருந்ததுபோல எழுதுகிறார். அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் சென்னையில் ஆரம்பித்த பள்ளியில் கலையும் தொழிலும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. அந்தப் பள்ளிதான் பின்னால் நுண்கலைக் கல்லூரியாயிற்று. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முனைப்பில்தான் 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. நம் எல்லோருக்கும் அது ஒரு புண்ணிய ஸ்தலம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடலோர நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்றைய சென்னையில் எத்தனை பேர் இருந்தார்கள்? அந்த ஓவியர்களும் சிற்பிகளும் கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அதில் முக்கியமானது பத்திக். மெழுகு தடவி, சாயத்தில் தோய்த்து, மெழுகை உருக்கி எடுத்து விற்ற துணி. தமிழ்நாட்டு நவீன ஓவியத்தின் கோட்டை துணியின் மேல் எழும்பியது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு ஆகாது, கணக்குப் பேச்சு. நான் வங்கிக்காரன், வரவு எந்தத் தலைப்பில் வந்தது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்த இயக்கத்தைப் பற்றி நான் படித்தவற்றிலோ கோட்டுக்கும் சின்னங்களுக்கும் பக்கம் பக்கமாக இடம். பத்திக்குக்கு 'பிழைப்புக்காக' என்று ஒரு வரி. சோறு போட்டதைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டோம்.

அடுத்து, நண்பரின் ஆதர்சமான ஐரோப்பிய நவீனத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். ஆல்பர்ட்டோ பர்ரி இத்தாலிக்காரர். ராணுவ மருத்துவர். 1943-ல் துனிசியாவில் பிடிபட்டு அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துக் கைதி முகாமில் இருந்தவர். அங்கேதான் ஓவியம் தொடங்கினார், பிறகு மருத்துவத்துக்குத் திரும்பவில்லை. 1950-களில் அவர் கோணிச் சாக்குகளைக் கிழித்து, ஒட்டுப் போட்டு, தைத்துச் சட்டத்தில் மாட்டினார். போருக்குப் பிந்தைய மனிதனின் காயம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். நண்பரும் என்னிடம் அந்தக் கோணிகளைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறார், கண் கலங்காத குறையாக.

சரி. 1973 செப்டம்பரில் சிலியில் பினோசெட்டின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கணவனையும் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அந்தப் பெண்கள் 1974 முதல் சாந்தியாகோவில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் கூடி, கோணித் துணியின் மேல் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். தெருவும் சிறையும் மலையும், எங்கே அவர்கள் என்ற கேள்வியும் தையலில் வந்தன. சில சமயம் காணாமற்போனவனின் சட்டையிலிருந்தே துண்டு வந்தது. தைத்ததை நாட்டுக்கு வெளியே ரகசியமாகக் கடத்தினார்கள். அர்பியேரா என்று அந்தத் துணிப் படங்களுக்குப் பெயர். அந்த ஸ்பானியச் சொல்லுக்கு அர்த்தமே கோணி.

இங்கே ஒரு கோணி, அங்கே ஒரு கோணி. இரண்டிலும் ஊசி ஏறி இறங்கியிருக்கிறது. ஒன்று இருத்தலின் அவலம், இன்னொன்று தையல் வகுப்பு என்றால், தைத்தவர் டாக்டரா, சமையலறைக்காரியா என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்? அதுதான் வித்தியாசம் என்றால் நண்பர் வெளிப்படையாகச் சொல்லிவிடட்டும். விவாதத்தை முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பொறுமை கற்பனை ஆகாது. ஆயிரம் மணி நேரம் தைத்தது என்பதால் ஒரு துணி கலையாகிவிடாது. ஆயிரம் வரி எழுதியதால் காவியம் ஆகாததுபோல. சிலியிலேயே பிற்பாடு சந்தைக்காகத் தைத்துத் தள்ளிய துணிகளில் மலையும் சூரியனும் பொம்மைகளும் மட்டுமே மிஞ்சின. அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைத்தான் தேடுகிறேன். நண்பர் அதைத் துணிக்கு வெளியே, 'கலையின் தூய்மை' என்ற இடத்தில் வைத்திருக்கிறார். எனக்குத் துணிக்கு உள்ளேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அம்மா தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள். முதலில் ஹெல்ப்பர், பிறகு செக்கிங்.

உள்ளே நுழைந்ததும் அம்மா செய்த முதல் காரியம், ஒரு தொங்கலின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்ததுதான். காவலாளி ஓடிவந்தார்.

"தொடாதீங்கம்மா."

அம்மா கையை எடுத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பின்னாடி பிசிறே வெட்டலப்பா."

எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நான் நின்ற நேரத்தைவிட அதிக நேரம் நின்றாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டாள்: "எல்லாம் நல்ல துணிதான். எதுக்கு எல்லாத்தையும் சதுரமா வெட்டிட்டாங்க?"

இந்தக் கட்டுரையில் விமர்சன அவதானம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அது என்னுடையதில்லை. நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன், கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டதை விளங்கிக்கொள்ள, சட்டை எப்படி வெட்டப்படுகிறது என்று தெரிய வேண்டும். நீள மேஜையில் துணியை அடுக்கு அடுக்காக விரிப்பார்கள். மேலே மார்க்கர் என்ற தாள். முன்பாகம், முதுகு, கை, காலர், எல்லாம் ஒன்றன் இடுக்கில் ஒன்று புகுந்து உட்காரும்படி வரைந்த தாள். முன்பு கட்டிங் மாஸ்டர் கையால் வரைந்தார், இப்போது கம்ப்யூட்டர் வரைகிறது. துணி வீணாகக் கூடாது என்பதே அதில் உள்ள சாமர்த்தியம் முழுவதும். பிறகு மின்சாரக் கத்தி அத்தனை அடுக்கையும் ஒரே வீச்சில் அறுக்கும். பாகங்கள் எண் ஒட்டப்பட்டுத் தையல் லைனுக்குப் போகும். மேஜையில் மிஞ்சுவது, ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் இருந்த துணி. கை பொருத்தும் வளைவின் மறுபக்கம், கழுத்து போன இடத்தின் பிறை, இரண்டு காலர்களுக்கு நடுவே கத்தி போன நாடா. ஒவ்வொரு துண்டும் போய்விட்ட ஒரு சட்டையின் வெளிக்கோடு. அதன் உருவத்தை வைத்துக்கொண்டே எந்தச் சட்டை, எந்த அளவு என்று அம்மாவால் சொல்ல முடியும்.

அந்தக் கலைஞர் இந்த வளைவுகளை எல்லாம் நேராக நறுக்கிச் சதுரமாக்கிவிட்டார். சதுரம் இணைக்கச் சௌகரியம். சுவரில் பார்க்கவும் ஓவியம்போல இருக்கும். பிறகு அந்தச் சதுரங்களின் மேல் சிவப்பு நூலால் 'நினைவு' என்று, தமிழிலேயே, எம்பிராய்டரி செய்துவிட்டார். அந்தத் துணிக்கு ஒரே ஒரு ஞாபகம் இருந்தது, அது அதன் விளிம்பில் இருந்தது. அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு நடுவில் அந்தச் சொல்லைத் தைத்திருக்கிறார்.

கையேட்டின் மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். குப்பையிலிருந்து மீட்டது என்கிறார்கள். பேட்டையில் வெட்டுத் துணி ஒருநாளும் குப்பைக்குப் போனதில்லை. வியாபாரிகள் எடை போட்டு வாங்கிப் போவார்கள். பருத்தித் துண்டு பக்கத்து லேத் பட்டறைக்கு எண்ணெய்க் கை துடைக்கும் 'வேஸ்ட்' ஆகப் போகும். பனியன் துண்டு கால்மிதியாகும், தலையணைக்குள் போகும். அவரவர் கிலோ கணக்கில் வாங்கி உபயோகித்துக்கொண்டிருந்த பொருளைக் கலைஞரும் கிலோ கணக்கில் வாங்கியிருக்கிறார். வாங்குவதில் தப்பில்லை. அதற்கு மீட்பு என்று பெயர் வைப்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

பெண்களின் நினைவு என்கிறார்கள். தையல் லைனில் ஒருத்தி நாள் முழுக்கக் காலர் மட்டும் வைக்கிறாள். அடுத்தவள் கை மட்டும் ஏற்றுகிறாள். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை. தைத்த சட்டையோ கப்பலேறிப் போகிறது. அதை அணிந்த உடம்பு வேறு நாட்டில் இருக்கிறது. பக்கத்து ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை இருக்கிறது. 1960-களின் தொடக்கத்திலிருந்து சிப்பாய்களுக்கு உடுப்புத் தைக்கும் இடம். 2021 அக்டோபரிலிருந்து ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற அரசுக் கம்பெனியின் கீழ் நடக்கிறது. அங்கே வெட்டியதை அணிந்து வேர்ப்பவன் எங்கேயோ எல்லையில் இருப்பான். எங்கள் பக்கத்து ஊர்களில் வெட்டுகிற துணி எங்கள் உடம்பில் ஏறுவதில்லை. அணிந்தவன் வேர்வை அதில் கிடையாது. அதில் இருப்பது உழைப்பு. அது வேறு விஷயம், நினைவைவிடக் கடினமான விஷயம். அதைப் பற்றி அந்தச் சுவரில் ஒரு தையல்கூட இல்லை.

பெயர் தெரியாத பெண்கள் என்கிறார்கள். எனக்குத் தெரியும். பாஸ்புக்கில் இருக்கிறது. ஆதார் சரிபார்க்க விரல் வைக்கச் சொன்னால் ரேகை பதியாமல், துடைத்துத் துடைத்து நாலு தரம் வைக்கும் பெண்கள் வாரத்துக்கு ஒருவராவது என் கவுண்டருக்கு வருகிறார்கள். பெயர் தெரியாது என்று அச்சடிப்பதற்கு முன்னால் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் அரை மணி நின்று கேட்டிருக்கலாம்.

4

வெட்டுத் துணி வேறு, கந்தல் வேறு. நம் கண்காட்சிக்காரர்கள் இரண்டையும் 'பழந்துணி' என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். வெட்டுத் துணி பிறக்காமலே போனது. கந்தல் வாழ்ந்து தேய்ந்தது.

எங்கள் வீட்டில் ஒரு நூல் புடவைக்கு வரிசையாகப் பல ஜன்மங்கள் உண்டு. கிழிய ஆரம்பித்ததும் தூளியாகும். அதற்குக் குழந்தை இல்லாவிட்டால் இரண்டு புடவையை மடித்து நாலு ஓரமும் நடுவிலும் தைத்துப் போர்வை. போர்வையும் இற்றால் அடுப்படியில் பிடித்துணி. அம்மாவும் அக்காவும் மாதத்தில் மூன்று நாள் உபயோகித்து, யார் கண்ணிலும் படாமல் மறைவில் உலர்த்திய துணி. கடைசியாகச் சுத்தமான ஒரு முனை மிஞ்சியிருந்தால் கிழித்துத் திரியாகத் திரித்து விளக்கில் போடுவாள் பாட்டி. புடவை எரிந்து முடிந்துவிடும். பெரியவர்கள் சொன்ன கூழுக்கும் கந்தைக்கும் ஒழுங்கு உண்டு என்ற பழமொழி ஞானத்தை இதன் மேல் ஏற்ற நான் விரும்பவில்லை. வறுமையில் செய்தது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் துணி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இனி எதைத் தாங்கும் என்ற கணிப்பு அதில் இருந்தது. கையால் தடவிப் பார்த்துச் செய்யும் கணிப்பு. அதை விமர்சனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வங்காளத்துக் காந்தா இதே கணிப்பிலிருந்துதான் வந்தது. பழம்புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலில் பூவும் மீனும் ரதமும் போட்டார்கள். துணியும் நூலும் ஒரே கந்தலிலிருந்து வந்தன.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஓர் ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பர்களின் சந்ததி. 1942-ல் மிஸௌரி பெட்வே என்ற பெண், கணவன் இறந்ததும் அவனுடைய வேலைத் துணிகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தாள். மகள் கூட இருந்து உதவினாள். அந்த ஊர்ப் போர்வைகளில் வேலைத் துணியில் செய்தவற்றைப் பாருங்கள். முழங்கால் வெளிறிய இடம் வெளிறியே இருக்கிறது. பையைப் பிரித்து எடுத்த இடத்தில் வெயில் படாத கருநீலம் பையின் உருவத்தில் நிற்கிறது. அங்கே எதையும் நேராக்கவில்லை. அந்தக் கருநீலம்தான் நிறம், அதுவேதான் செய்தி. 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி மியூஸியத்திலும் அந்தப் போர்வைகளை மாட்டியபோது ஒரு பத்திரிகை விமர்சகர் மத்தீஸையும் பால் க்ளேயையும் துணைக்கு அழைத்துப் பாராட்டினார். நல்ல மனதோடுதான். ஆனாலும் அந்தப் போர்வையின் கீழ் குளிருக்குப் படுத்தவர்களைவிட மத்தீஸ் அதற்குச் சிறந்த சாட்சியா? 2007-ல் தைத்த பெண்கள் சிலர், தங்களுக்கு வந்து சேரவேண்டிய பணம் சேரவில்லை என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் வழக்கு முடிந்துபோனது. மத்தீஸின் பெயர் எழுதத் தெரிந்த அளவுக்குக் கணக்கு எழுதத் தெரியவில்லை போலும் என்றுதான் அப்போது யாருக்கும் தோன்றியிருக்கும்.

லூயி பூர்ஷ்வா செய்த துணிப் புத்தகம் இன்னொரு உதாரணம். பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்தவர்களின் மகள். 2002-ல், தொண்ணூறு வயதில், 1938-ல் கல்யாணத்தின்போது தன் முதலெழுத்துகள் பொறித்து வந்த கைத்துண்டுகளைப் பக்கங்களாக்கி, தன் பழந்துணிகளை அவற்றின் மேல் தைத்தார். எழுத்து ஏற்கனவே துணியில் இருந்தது, புதிதாக யாரும் 'நினைவு' என்று எழுதவில்லை. புத்தகத்துக்கு அவர் வைத்த பெயரும் மறதியைப் பாடுவது.

இன்று ஒட்டு வெளியே தெரியும்படி தைப்பது ஒரு மோஸ்தர். ஜப்பானின் வடபகுதிக் குடியானவர்கள் குளிருக்கு ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட துணிகள் இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் விலை. அவர்களுக்கு அன்று அது வெட்கம். என் அம்மா என் பள்ளிக்கூடக் கால்சட்டையை உள்பக்கமாகத் தைத்தாள், தையல் வெளியே தெரியாதபடி, அதே நிற நூல் கிடைக்கும்வரை காத்திருந்து. ஒட்டைக் காட்டிக்கொள்ள ஒரு வசதி வேண்டியிருக்கிறது. அது இல்லாதவன் மறைக்கிறான். மறைப்பதிலும் ஒரு கலை இருக்கிறது என்று கண்டுகொண்டவர் ப்ரியா ரவீஷ் மெஹ்ரா. உத்தரப் பிரதேசத்தில் நஜீபாபாத்தின் ரஃபூகர்களை, கிழிந்த சால்வையில் கிழிசல் இருந்த தடமே தெரியாமல் இழை சேர்ப்பவர்களை, பல வருஷம் கூடவே இருந்து கவனித்தார். தானும் நெசவுக் கலைஞர். 2018-ல் இறந்துபோனார். கையெழுத்துப் போட முடியாத கலை ஒன்று இருக்கிறது, நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது என்ற விஷயத்தை அவர் நம் முன்னால் வைத்தார். கையெழுத்துக்காகவே எழுதும் நமக்கு அது உறைக்க வேண்டும்.

இனி ஒன்று. மறுபயன் என்றாலே நல்லது என்று கையேடு நினைக்கிறது. 2009-ல் வன்னியின் கடைசி மாதங்களில் பதுங்கு குழிகளுக்கு மேல் அடுக்க மண்மூட்டை வேண்டியிருந்தது. சாக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் புடவைகளை வெட்டி மூட்டையாகத் தைத்தார்கள். பட்டும் உண்டு. கரையோர மணலில் ஊதாவும் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கிய அந்த மூட்டைகளைப் புகைப்படங்களில் பார்த்தபோது, முதல் கணத்தில், அழகாயிருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கணத்துக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன். புடவைக்கு எங்கள் வீட்டு வரிசையில் இல்லாத ஒரு ஜன்மம். இதற்கு 'மறுபயன்' என்று பெயர் சொல்லிப் பாருங்கள், நாக்கு கூசும்.

கிளிநொச்சியில் 1991-ல் பிறந்த வினோஜா தர்மலிங்கம் துணியில் தைக்கிறார். மேலிருந்து பார்த்தால் தெரிகிற நிலம், அதில் பதுங்கு குழி. 2022 டிசம்பரில் தொடங்கிய கொச்சி பினாலேயில் அவர் வேலைகள் இடம்பெற்றன. நான் கொச்சிக்குப் போகவில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் படத்திலேயே தெரிகிறது. அந்தத் தையல் பூ வேலை செய்யவில்லை. டாக்டர் காயத்தில் போடும் தையல் மாதிரி, இழுத்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் இழுத்துப் பிடிக்கிறது. தைக்கத் தெரிந்த ஊரில் தையல் என்னென்ன செய்ய நேர்ந்தது என்று தெரிந்த கை அது.

எனக்குக் கிடைத்த அளவுகோல் இவ்வளவுதான்: இந்தத் துணிக்கு ஏற்கனவே என்ன நேர்ந்திருக்கிறது, தையல் அதற்குக் காது கொடுத்ததா? கொடுத்திருந்தால் அது அடுப்படியில் கிடந்தாலும் கலை. இல்லையென்றால் கலைக்கூடத்தில் விளக்குப் போட்டு மாட்டினாலும் நிறத்துண்டு.

5

இதுவரை சொன்னதைக் கேட்டு நம் வட்டத்தில் யாரும் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டாம். சதுரமாக வெட்டுவதில் நாம் அந்தக் கலைஞருக்குக் குருஸ்தானத்தில் இருக்கிறோம்.

துணி சம்பந்தமான எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, நூல் என்றால் இழையும்தான் புத்தகமும்தான் என்பார். இன்னொருவர் பனுவலை எடுப்பார். கைதட்டுவோம். நன்னூலின் பாயிரம் இதை அன்றைக்கே சொல்லிவிட்டது: சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் கை, அறிவு கதிர். அருமையான உருவகம்தான். அதற்கும் முன்னால் நற்றிணையில் பனுவல் என்பது ஆண் துணையில்லாத பெண்கள் தங்கள் முயற்சியால் நூற்ற பஞ்சு. அவர்களுடைய சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம். உருவகத்தில் புலவன் பெண்ணாகிக்கொண்டான். நூற்றவளோ நூற்றுக்கொண்டே இருந்தாள். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் நண்பர், என் பொண்டாட்டிக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தால் என்று ஹாஸ்யம் பண்ணுகிறார்.

பேட்டையிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பேச்சுச் சொற்களை அள்ளிக்கொண்டு வருகிறோம். அவற்றுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. யார், யாரிடம், எந்த எரிச்சலில் சொன்னது என்ற வளைவு. அதை நறுக்கிவிட்டுக் கவிதையின் கட்டத்துக்குள் பொருத்துகிறோம். மேலே துக்கம், வெறுமை, நினைவு என்று எம்பிராய்டரி.

நானே செய்தேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சிற்றிதழில் அம்மாவைப் பற்றி என் கவிதை வந்தது. இரவெல்லாம் ஊசியால் இருட்டைத் தைக்கிறாள் என்ற மாதிரி எழுதியிருந்தேன். சிலர் நன்றாயிருக்கிறது என்று கடிதம் போட்டார்கள். இந்தக் கண்காட்சியிலிருந்து வீடு திரும்பிய அன்று, என்னமோ தோன்றி, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் எங்கடா ஊசி புடிச்சேன்? ட்ரிம்மர்தான். பிசிறு வெட்டுறது. பதினேழு வருஷமும் வெட்டுறது, பாக்குறது, அவ்வளவுதான்."

அவள் தையல்காரி இல்லை. கம்பெனியில் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. மற்றவர்கள் தைத்ததில் தொங்கிய நூலைக் கத்தரித்து, குறை இருக்கிறதா என்று உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தவள். எனக்கு அது தெரியாமல் இல்லை. அவள் கட்டை விரலில் ட்ரிம்மரின் தழும்பைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். ஆனால் ஊசி கவிதைக்குச் சௌகரியமாயிருந்தது. ட்ரிம்மரை எந்தக் கவிதையில் வைப்பது? என் அம்மாவின் விளிம்பை நறுக்கிச் சதுரமாக்கி ஒரு பத்திரிகையில் மாட்டினேன். அந்தக் கலைஞருக்காவது அந்தத் துணி யாரோ வெட்டியது. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஆகவே நான் இங்கே நீதிபதியாக நிற்கவில்லை. அதே குற்றத்தில் மாட்டியவன், மற்றவர் கையில் கத்தரிக்கோலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டேன், அவ்வளவுதான். இதற்குப் பரிகாரமாக நான் புதிதாக ஒரு கவிதை எழுதிவிடப் போவதில்லை. ட்ரிம்மரைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை எழுதாமல் இருப்பேன்.

அடுத்த இதழில் நண்பர் பதில் எழுதுவார், எழுத வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். எழுத உட்காருவதற்கு முன்னால் அவருடைய சட்டையில் அறுந்து தொங்குகிற மூன்றாவது பொத்தானை, வீட்டில் யாரையும் கூப்பிடாமல், அவரே ஒருமுறை தைத்துப் பார்க்கட்டும். தைத்து முடித்ததும் சட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்கட்டும்.